வலமாகப் போட்ட அம்புக்குறிகள்

தெஹியோவிட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பத்தொன்பது வருடமாக நான் டிஸ்பென்சர். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பேன், பால் வெட்டும்போது கத்தி பட்ட கைக்குக் கட்டுப் போடுவேன், கர்ப்பிணிகளைப் பதிந்து மாதம் தவறாமல் பார்ப்பேன். தோட்டத்தார் என்னை டொக்டர் ஐயா என்பார்கள். நான் டொக்டர் இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும். உயர்தரப் பரீட்சையில் சிறிது புள்ளி குறைந்ததால் மருத்துவ பீடத்துக்குப் போக முடியாமல் நின்றவன் நான்.

என் மனைவியின் தம்பிக்கு என்னைவிட நிறையக் குறைந்தது. அவனை வெளிநாட்டுக்கு அனுப்பி மருத்துவம் படிக்க வைத்தார்கள். அந்தப் பட்டத்தோடு இங்கே வேலை செய்ய ஒரு பதிவுப் பரீட்சையில் தேற வேண்டும். இரண்டு தடவை தவறிவிட்டு, மூன்றாவது தடவைக்குப் படிக்க எங்கள் குவாட்டர்ஸுக்கு வந்தான்.

"இதுவும் போச்சுன்னா பெல்மதுளையில அண்ணன் கடையில ஆணி நிறுக்க வேண்டியதுதான் மச்சான்," என்றான் வந்த அன்றே. சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் சோற்றைத் தொடவில்லை.

என் எழுத்து மேசை அவனுக்குப் போனது. "தம்பிக்கு வெளிச்சம் வேணுங்க. நீங்க அலமாரி மேல வச்சு எழுதிக்கங்க," என்றாள் மனைவி. அன்றிலிருந்து நாட்குறிப்பை நின்றுகொண்டு எழுதினேன்.

காலை ஐந்து முதல் ஆறு வரை நான் புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பேன், அவன் பதில் சொல்வான். கருவியல் அவனுக்கு நன்றாக வந்தது.

"இருபத்திரண்டாம் நாள் இதயம் துடிக்க ஆரம்பிச்சிரும் மச்சான். அம்மாவுக்கே அப்ப ஒழுங்கா தெரியாது."

எத்தனையோ வயிறுகளில் மரக்குழலை வைத்துக் காதைக் கொடுத்து அந்தத் துடிப்பை நான் எண்ணியிருக்கிறேன். அது தொடங்கும் நாள் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவன் அதைப் பல் துலக்கிக்கொண்டே சொன்னான்.

இதயம் வேலை செய்யும் விதத்தில்தான் தடுமாறினான். ஒரு துடிப்புக்குள் இடது கீழறையின் அழுத்தமும் கொள்ளளவும் மாறுவதை ஒரு பெட்டி போல வரைந்து காட்டுவார்கள். எந்த மூலையில் எந்த வால்வு திறக்கிறது, எது மூடுகிறது என்பது அவனுக்கு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் அதைப் பெரிய அட்டையில் வரைந்து கொடுத்தேன். அடிமட்டம் வைத்துக் கோடு, பிறகு மை, கடைசியில் அம்புக்குறிகள். சாமியைச் சுற்றினாலும் சூடத்தைச் சுற்றினாலும் வலமாகவே பழகிய கை. அம்புகளையும் வலமாகப் போட்டுவிட்டது. புத்தகத்தில் அவை இடமாகப் போகின்றன. என் அட்டையின்படி, இதயம் நிரம்ப வேண்டிய கட்டத்தில் காலியாகிறது.

"அச்சடிச்ச மாதிரி இருக்கு மச்சான்," என்று அதைச் சுவரில் ஒட்டிக்கொண்டான். அந்தப் பக்கத்தைப் புத்தகத்தில் மறுபடி அவன் திறக்கவில்லை.

புதன்கிழமை, காய்ச்சல் பிள்ளையோடு டிஸ்பென்சரிக்கு வந்த ஒரு பெண் என் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"பெரிய டொக்டர் தம்பி இல்லீங்களா ஐயா? அவங்க ஒரு தடவ பாத்தா நல்லதுங்க."

வரிசையில் நின்ற கங்காணி சிரித்தார். "நம்ம ஐயாவ ரிட்டயர் ஆக்கிட்டீங்களே தங்கச்சி."

"அவருக்கு இன்னும் பதிவு இல்ல," என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். சொல்லும்போது வாய் இனித்தது.

அன்று மாலை மறுநாள் கேள்விகளைக் குறிக்கப் புத்தகத்தைத் திறந்தபோது அம்புகளின் தவறைக் கண்டேன். மறுநாள் காலை அவன் அட்டையில் விரலை ஓட்டி, மூலை மூலையாக ஒப்புவித்தான். சரியான படம் என் மடியில் திறந்து கிடந்தது.

"சரிதானே மச்சான்?"

"சரி."

வெள்ளியும் சனியும் அதையே சொன்னேன். அந்த மூன்று நாளும் என் நாட்குறிப்பில் மழையும் நோயாளர் தொகையும் மட்டும் இருக்கின்றன.

திங்கட்கிழமை கொழும்பில் பரீட்சை. ஞாயிறு காலை அவிசாவளை பஸ்ஸுக்குப் புறப்படுமுன், அவன் பழைய பேப்பரின் ஓரத்தில் அந்தப் படத்தை மனப்பாடமாக வரைந்துகொண்டிருந்தான். நான் அம்பின் நுனியை முழுக்க மையால் நிரப்புவேன். அவனும் அப்படியே நிரப்பினான்.

"கண்ண மூடினா உங்க சார்ட்டுதான் தெரியுது மச்சான். இது வந்தா விடமாட்டேன்."

"அம்பு தப்பு," என்றேன். "எல்லாம் எதிர்ப்பக்கம் போகணும்."

அவன் புத்தகத்தைப் பிரித்தான். நெடுநேரம் பார்த்தான். "எப்ப பாத்தீங்க?"

"இப்பதான்."

"ஹரி," என்று சிங்களத்தில் சரி சொல்லிப் பெருமூச்சு விட்டான். "நல்லவேள மச்சான்." பஸ் வரும்வரை விரலால் காற்றில் இடமாகப் பெட்டி போட்டுக்கொண்டே நின்றான்.

தேறிவிட்டான். அந்தக் கேள்வி வந்ததாம். கடைசி நேரத்தில் மச்சான்தான் காப்பாற்றினார் என்று தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டான். இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. மனைவி என்னைப் பெருமையோடு பார்க்கிறாள். போனில் அவன் நன்றி சொல்லும் ஒவ்வொரு தடவையும், புதன்கிழமையே பார்த்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுக்கிறேன். சொன்னால் மன்னித்துவிடுவான். அவன் அப்படிப்பட்டவன். மன்னித்தவன் என்ற அந்தப் பெயரும் அவனுக்குப் போவதை என்னால் பொறுக்க முடியாது.