குதிரை மாற்றும் இடம்

பரமட்டாவிலிருந்து மெல்போர்ன் கோயிலுக்குப் போன பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர் பிரான்ஸிலிருந்து வந்தவர். நல்ல தொப்பை. பஸ் வேகம் குறையும்போதெல்லாம் முன் சீட்டைக் குதிரையின் முதுகைப்போலத் தட்டிக்கொடுப்பார்.

எனக்கோ வெகுநேரமாக ஒன்றுக்குப் போகவேண்டும். டிரைவரிடம் கேட்க வெட்கம்.

“அக்கா, பிரான்ஸில நான் சமைச்ச ஹோட்டல் அந்தக் காலத்தில தபால் வண்டிக்குக் குதிரை மாத்தின இடம்,” என்றார். “குதிரை கட்டின லாயந்தான் என்ர குசினி. களைச்ச குதிரையை அவிட்டுப்போட்டுப் புதுசு பூட்டுவினம். அதுக்குள்ள சனம் இறங்கி, சூப் குடிச்சு, மற்ற அலுவலையும் முடிச்சிட்டு ஏறும்.”

“மற்ற அலுவலையுமோ?” என்று என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. எழும்பி முன்னுக்குப் போய், “தம்பி, எனக்குச் சீனி வருத்தம், டயபிடிஸ். அடக்கேலாது, நிப்பாட்டும்,” என்று பஸ் முழுக்கக் கேட்கச் சொன்னார்.

பெற்றோல் ஷெட்டில் பஸ் நின்றது. என்னோடு பாதிப் பஸ்ஸும் இறங்கி ஓடியது.

திரும்பி வந்தபோது அவர் பஸ்ஸின் முன்பக்கத்தைத் தட்டிக்கொடுத்தபடி நின்றார்.

“நீங்கள் போகேல்லையோ?”

“அப்ப குதிரையை ஆர் பாக்கிறது?”

மெல்போர்ன் போய்ச் சேருமுன் என் டப்பாவிலிருந்த இனிப்புப் பயத்தம் உருண்டை முழுவதையும் அவரே சாப்பிட்டு முடித்தார், அந்தச் சீனி வருத்தக்காரர்.