வயது வரம்பு என்ற காலி இடம்

பல்கலைக்கழகத்தில் முதுமுனைவர் ஆய்வாளர் பணிக்கு விண்ணப்பிக்க இன்று காலை வேங்கிக்கால் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். சான்றிதழ்களை வரிசைப்படி அடுக்கி, இரண்டு தடவை சரிபார்த்து எடுத்துப் போயிருந்தேன்.

நம் மாவட்டத்துச் சமணக் கல்வெட்டுகளைப் பற்றிய திட்டம். ஓய்வுக்குப் பிறகு நான் முனைவர் பட்டம் வாங்கியதும் அதே தலைப்பில்தான்.

"சார், இந்த போஸ்ட் உங்களுக்குத்தான்" என்று திட்டத்தை நடத்தும் பேராசிரியர் சொல்லியிருந்தார். போன மாதம் விளம்பர வரைவைக்கூட என்னிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னார். வயது வரம்பு மட்டும் காலியாக இருந்தது. கேட்டால் என்ன நினைப்பாரோ என்று ஒற்றுப்பிழைகளை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.

கணினி முன் இருந்த பெண் நிமிர்ந்தாள். "பையனுக்கா அப்ளை பண்றீங்க, ஐயா?"

"எனக்குத்தாம்மா."

"முப்பத்தஞ்சுக்குள்ள இருக்கணும்னு போட்டிருக்காங்களே. உங்க பொறந்த வருஷமே இதுல வரமாட்டேங்குது."

வெளியே வந்து பேராசிரியரை அழைத்தேன்.

"அது மேல இருந்து வந்த ரூல், சார். நான் இன்னா பண்றது? ஆமா, உங்ககிட்ட கல்வெட்டு நோட்டுங்க ஜாஸ்தி இருக்குமே, ஸ்கேன் பண்ணி அனுப்பிடுங்க. வேலைக்கு வர்றவங்களுக்கு உதவும்."

"சரிங்க" என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் அனுப்பப் போவதில்லை. அதை அவருக்கு எழுத மதியத்திலிருந்து முயல்கிறேன். கோபமாகக் கடிதம் எழுதத் தெரிந்த நண்பர்கள் யாராவது உதவுங்கள். நான் எழுதினால் ஒவ்வொரு முறையும் 'பணிவன்புடன்' என்று முடிந்துவிடுகிறது.