மண்டி போட்ட அரக்கன்

போன பொங்கல் அன்று மதியம், அம்பத்தூர் மேனாம்பேட்டில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஹாலில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்குக் கை பரபரக்கிறது!

வருஷா வருஷம் கோலப்போட்டி, மியூசிக்கல் சேர் என்று ஓட்டிக்கொண்டிருந்தவர்கள், இந்த முறை வீடியோ கேம் போட்டி வைத்துவிட்டார்கள். ஏ பிளாக்குக்கும் பி பிளாக்குக்கும் எப்போதுமே ஆகாது. பிளாக்குக்கு ஒருவர், அதுவும் நாற்பதைத் தாண்டியவர் ஆட வேண்டும். திரையில் வரும் அரக்கனை யார் சீக்கிரம் வீழ்த்துகிறாரோ அந்த பிளாக்குக்குக் கோப்பை. எங்கள் ஏ பிளாக்கில் யாரும் வாயைத் திறக்கவில்லை. நான்தான் வீறாப்பாகக் கையைத் தூக்கினேன்.

கல்லூரியில் படிக்கும் என் மகள் மூன்று வாரம் என்னைப் பழக்கினாள். சமையலுக்கு நடுவில்தான் பயிற்சி. அரக்கன் தள்ளாட ஆரம்பித்ததும் கன்ட்ரோலரை அவள் கையில் திணித்துவிட்டு அடுப்பைப் பார்க்க ஓடிவிடுவேன். "கடைசியா இந்த பட்டனை ஒரு அமுக்கு அமுக்கணும், அவ்ளோதாம்மா" என்பாள். அந்தக் கடைசி அடியை நான் ஒரு தடவைகூட அடித்ததில்லை. அதுதான் நான் செய்த தப்பு.

பி பிளாக்காரர் பதினோரு நிமிடத்தில் முடித்தார். நான் ஒன்பதாவது நிமிடத்திலேயே அரக்கனைச் சாய்த்துவிட்டேன்! ஹாலே அதிர்ந்தது. எங்கள் தரைத்தளத்து பெயின்டர் நாற்காலி மேல் ஏறி நின்று, "இன்னாக்கா பாத்துகினு கீற? போடுக்கா ஒரே போடு!" என்று கத்தினார்.

ஆனால் சுவர் அகலத் திரையில் அவன் மண்டி போட்டிருந்தான். கதாயுதம் எங்கோ உருண்டு கிடந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். அவனுக்கென்று ஒருத்தர்கூட இல்லை. அடப்பாவமே என்றிருந்தது எனக்கு.

அந்தப் பார்வையை அதே ஹாலில் பார்த்திருக்கிறேன். அதற்குப் பத்து நாள் முன்னால் குடியிருப்போர் சங்கத் தேர்தலில் பழைய செயலாளர் தோற்றுப்போனார். ஆறு வருஷம் எங்களை ஆட்டிப் படைத்தவர். ஒருநாள் மொட்டைமாடியைப் பூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார், நான் காயப்போட்ட வத்தலெல்லாம் மழையில் கரைந்தது. அந்தக் கடுப்பில், அவர் தோற்றதும் நான் விசிலே அடித்தேன். அவர் சங்கத்துச் சாவிக்கொத்தைத் திருப்பிக் கொடுக்க நீட்டிக்கொண்டு நின்றார். கூச்சலில் அதை வாங்கிக்கொள்ளக்கூட யாருக்கும் தோன்றவில்லை. தண்ணீர் வராத நாட்களில் விடியற்காலையில் எழுந்து லாரிக்காக ரோட்டில் நின்றவரும் அவர்தான் என்பது அன்று எனக்கு ஞாபகம் வரவில்லை.

"அம்மா, அமுக்கும்மா!" என்று மகள் அலறினாள். அமுக்க வேண்டியதுதானே? மனசு வரவில்லை. அந்தச் சில நொடிகளில் அரக்கன் எழுந்து ஒரே போடு போட்டான். நான் காலி. பி பிளாக் குதித்தது. "பொம்மைக்குப் போய்ப் பாவம் பாத்தியாக்கா?" என்று பெயின்டர் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கும் ஆத்திரம்தான், கோப்பை போச்சே!

ஆனால் அங்கே இருப்புக்கொள்ளவில்லை. ஒரு டப்பாவில் சர்க்கரைப் பொங்கலை எடுத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஓடினேன். தேர்தலுக்குப் பிறகு செயலாளர் கீழேயே இறங்கவில்லை. கதவைத் திறந்தவரிடம் மூச்சிரைக்க, "சார், அன்னைக்கு விசிலடிச்சது நான்தான். தப்பு சார், மன்னிச்சிடுங்க" என்று கொட்டிவிட்டேன்.

அவர், "நீங்களா? நான் யாரோ பசங்கன்னு நினைச்சேன்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழுகையோடு போட்டியில் நடந்ததையும் சொன்னேன். அவர் முகம் சட்டென்று மாறியது.

"ஒன்பது நிமிஷத்துல சாய்ச்சுட்டு விட்டுட்டீங்களா? என்ன மேடம் நீங்க! நானும் ஏ பிளாக்தானே?" என்று சத்தம் போட்டவர், சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு கிளம்பிவிட்டார். எதற்கு? மறு ஆட்டம் வேண்டும் என்று பி பிளாக்கோடு மல்லுக்கட்ட!

அவரைப் பார்த்ததும் ஹால் கப்சிப். பெயின்டர்தான் நாற்காலியிலிருந்து இறங்கி அதை அவர் பக்கம் இழுத்துப் போட்டு, "இப்டி வந்து குந்து நைனா" என்றார்.

மறு ஆட்டம் கிடைக்கவில்லை, கோப்பை பி பிளாக்கில்தான் இருக்கிறது. செயலாளரோடு இன்னமும் சண்டை போடுகிறேன், விளையாட்டில் அரக்கர்களையும் விடாமல் அடிக்கிறேன். ஆனால் தோற்று நிற்கிற ஒருவரைப் பார்த்து ஊரே கத்தும்போது, அந்தச் சத்தத்தில் இப்போதெல்லாம் என் குரல் இருப்பதில்லை.