நாயைப் பற்றிக் கேட்கக் கூடாத வாரம்

வாயை மூடிக்கொண்டால் ரகசியம் வெளியே போகாது என்று நம்பிய பொருளாதார அறிஞன் நான். சிரித்துக்கொள்ளுங்கள். பிழைக்க வந்த இந்த வெளிநாட்டின் மைய வங்கியில் வேலை. வட்டி விகிதத்தை அறிவிப்பதற்கு முந்தைய வாரம் எங்களுக்கு மௌன வாரம். விவரம் தெரிந்தவர்கள் விலைவாசியைப் பற்றி மூச்சு விடக் கூடாது. கேன்டீனில்கூட வானிலையும் நாய்களும்தான் பேச்சு. முட்டை விலை ஏறிவிட்டது என்று ஒருமுறை முனகினேன். பக்கத்திலிருந்தவர் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார்.

ராஜபாளையத்து அத்தானிடம் இந்த மௌனம் செல்லுமா? அக்காள் கணவர், பேண்டேஜ் துணி நெய்து இந்த நாட்டுக்கு அனுப்புகிறவர். இங்கே வட்டி ஏறினால் இந்த ஊர் டாலரும் ஏறும், அதுவரை கையிலுள்ள டாலரை ரூபாயாக மாற்றாமல் வைத்திருக்கலாம் என்பது அவர் கணக்கு. மௌன வாரம் பார்த்துத்தான் அழைப்பார்.

"என்ன மாப்ள, வட்டி ஏறுதா?"

"ராணி எப்படி இருக்கு அத்தான்?" என்பேன், கேன்டீன் பழக்கத்தில். ராணி அவர் வீட்டு வெள்ளை நாய். நான் ஊருக்குப் போனால் என் செருப்பின் மேல்தான் படுக்கும்.

ஒருநாள் அக்கா போனைப் பிடுங்கினாள். "ஏலே, நீ நாயைக் கேட்டா வட்டி ஏறுமாம், கேக்கலன்னா ஏறாதாம். உங்க அத்தான் சீவில்லிபுத்தூர் வரைக்கும் சொல்லிட்டுத் திரியுதாவ. இதுவரைக்கும் தப்பவே இல்லையாம்லா!"

பனி பெய்யும் ஊரில் எனக்கு வியர்த்தது. யோசித்தால், உண்மை. ஏறப்போகிறது என்று தெரிந்த வாரங்களில் பயந்துபோய் நாயிடம் ஓடியிருக்கிறேன். மற்ற வாரங்களில் வானிலையோடு சரி, நாய் நினைவே இல்லை. இனி கேட்டாலும் கசிவு, கேட்காவிட்டாலும் கசிவு. வேலை போனால் விசா போகும், விசா போனால் மகளின் பள்ளிக்கூடமும் போகும்.

நானே மேலதிகாரி கேத்தரினிடம் போய், "என் அக்கா வீட்டு நாயால் ஒரு பிரச்சினை" என்று ஆரம்பித்தேன். "அடடா, விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். முழுவதும் கேட்டபின் கையை எடுத்துவிட்டார். விசாரணை வைத்தார்கள். அது முடியும்வரை ஊருக்குப் பேசவே இல்லை. வேலை அதிகம் என்று அக்காவுக்குச் செய்தி மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தேன். கடைசியில் வேலை தப்பியது. வட்டியை முடிவு செய்யும் அறையில்தான் எனக்கு இனி இடமில்லை.

இந்த முறை வட்டி ஏறியதை பஸ்ஸில், ஊரோடு ஊராக, போனில் படித்துத் தெரிந்துகொண்டேன். ரகசியமே இல்லாதவனுக்கு என்ன பயம்? ஊருக்கு அழைத்தேன். அத்தான் எனக்கு முன்பே செய்தியைப் படித்துவிட்டிருந்தார்; வட்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நான் கேட்டேன், "ராணி எப்படி இருக்கு?"

அவர் போனை அக்காவிடம் கொடுத்தார்.

"அது போன மாசமே செத்துப்போச்சுலே. நீ கேட்டா சொல்லுவோம்னு இருந்தோம். நீதான் கேக்கவேயில்லையே."