இரண்டு பத்திரிகையிலும் என் வீட்டுக்காரர்

கூலி உயர்வு கேட்டு நெசவாளர்கள் காஞ்சிபுரத்தில் ஊர்வலம் போன அன்று என் வீட்டுக்காரர் ஊரிலேயே இல்லை. அது எழுபதுகளின் தொடக்கம். திருப்புட்குழியில் என் அம்மாவைப் பார்த்துவிட்டு, அவள் கொடுத்தனுப்பிய முருங்கைக்காய்க் கட்டோடு மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கினார். அப்போதுதான் தடியடி தொடங்கியிருந்தது. எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் நின்றவருக்கு வலது தோளில் பலமான அடி. யாரோ ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

மறுநாள் பக்கத்துக் கட்டில்காரர் பத்திரிகையைக் காட்டினார். அது ஆளுங்கட்சிக்குச் சாதகமாக எழுதுவது. போலீஸ் மீது கல் வீசிய நெசவாளி காயம் என்று போட்டு, இவருடைய பெயரையும் தெருவையும் அச்சடித்திருந்தார்கள். சாயங்காலம் ஊர்வலம் நடத்திய சங்கத்துக்காரர்கள் மாலையோடு வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த எதிர்க்கட்சிப் பத்திரிகையில், இவர் ஊர்வலத்தின் முன்வரிசையில் நின்று அடி வாங்கிய வீரர்.

"நான் ஊருக்குப் போயிட்டு வந்துக்கினு இருந்தேன்பா," என்றார் இவர்.

"அத வெளிய சொல்லாதீங்கண்ணே. இது பொய்னா, நாம சொல்ற மத்ததும் பொய்ம்பாங்க," என்று சொல்லி மாலையைப் போட்டுவிட்டுப் போனார்கள்.

முதல் பத்திரிகையின் உள்ளூர் நிருபர் பெரிய காஞ்சிபுரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். நானே தேடிப் போனேன். ஸ்டூலைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"நெசவாளி ஒருத்தருக்குக் காயம்னுதான்மா எழுதி அனுப்பினேன். கல்லு வீசினதா மெட்ராஸ் ஆபீஸ்ல சேர்த்தது."

"திருத்திப் போடச் சொல்லுங்க."

"எழுதறேன்மா. போடமாட்டாங்க."

அவர் எழுதியதாகத்தான் பிறகும் சொன்னார். பத்திரிகையில் எதுவும் வரவில்லை.

தோள் ஓரளவு தேறியதும் நெய்வதற்குப் பாவு நூல் கேட்டு, வழக்கமாகக் கொடுக்கும் முதலாளியிடம் போனோம். போலீஸ் விவகாரம் உள்ளவருக்குக் கொடுப்பதற்கில்லை என்றார்.

"பேப்பர்ல பொய் போட்டுட்டாங்க," என்றேன்.

"ரெண்டு பேப்பருமாம்மா பொய்? அவங்களுக்குள்ள ஆகவே ஆகாது. ரெண்டுலயும் இவரு ஊர்வலத்துல இருந்தாருன்னுதானே போட்டிருக்குது?"

இவர் என்னைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். கடைசியில் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்து நெய்தார். மழைக்காலத்தில் கையைத் தூக்க முடியாமல் தறியிலிருந்து எழுந்துவிடுவார்.

சில வருடங்கள் கழித்துச் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் இவரிடம் கேட்டார்: "அன்னிக்குப் போலீஸ் மேல கல்லு வுட்டது நீங்கதானே?"

"ஆமா," என்றார் இவர். ரசம் கொண்டுவந்தவரிடம் இலையைக் காட்டினார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எதிர்வரிசையில் இருந்த நான் இலையை மடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும், "இன்னாத்துக்கு அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"எத்தினி பேருகிட்ட இல்லன்னு சொல்லிக்கினு இருக்கறது?" என்று சொல்லிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.