முதுகுப் பக்கத்துப் பச்சை

ஆர்லோ நல்ல மனிதர். மரம் அறுக்கும் ஆலையில் காலமெல்லாம் உழைத்து முதுகைக் கெடுத்துக்கொண்டவர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவார், அடுத்தவன் விறகில் ஒரு சுள்ளி எடுக்கமாட்டார். வியாதி என்று அவருக்கு ஒன்றே ஒன்றுதான். தம்பி ரஸலின் வயலைப் பார்த்தால் வயிறு எரியும்.

எரியாமல் என்ன செய்யும்? அப்பா போகும்போது ஓடையோரத்துக் கறுப்பு மண்ணைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, பைன் மரத்தைத் தவிர எதுவும் தங்காத மணல்மேட்டை அண்ணனுக்கு எழுதி வைத்தார். கிழவரைக் கடைசிவரை குளிப்பாட்டி, சோறூட்டிப் பார்த்துக்கொண்டவன் ரஸல்தான். அது ஆர்லோவுக்கும் தெரியும். தெரிந்துவிட்டால் வயிறு அடங்கிவிடுமா என்ன?

அமெரிக்காவில் மிச்சிகனின் வடக்கே நவம்பரில்தான் மான் வேட்டைக்கு அனுமதி திறக்கும். அந்த ஒரு காலைக்காக வருஷம் முழுக்க மானை இழுக்கப் பயிர் விதைத்துப் போடுகிறவர்கள் அங்கே வீட்டுக்கு வீடு உண்டு. ரஸல் டிராக்டரில் உட்கார்ந்தபடியே சோயா விதைப்பான். வேட்டை திறந்த அன்று மாலை, மதுக்கடை வாசலில் குறுக்கே கட்டிய மரத்தில் அவன் சுட்ட கொம்புமான் தொங்கும். ஊரே பீரும் கையுமாக நின்று பார்க்கும். ஆர்லோவும் நின்று, "நல்ல மான்" என்பார். அந்த இரண்டு வார்த்தையை வெளியே தள்ள அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். ஒரே ஒரு தடவை, சாவதற்குள் ஒரே ஒரு தடவை, தம்பி தன் மானைப் பார்த்து அதைச் சொல்லவேண்டும்.

இந்த வருஷம் அதற்கு ஆள் இருந்தது. இடது கொம்பு காதுப் பக்கமாகத் தாழ்ந்து வளைந்த பெரிய மான். மரத்தில் கட்டிய, தானே படம் பிடிக்கும் கேமராவில் இரண்டு வீட்டுக்கும் படம் கொடுத்திருந்தது. வளைகொம்பன் என்று பேர்கூட வைத்தாகிவிட்டது.

ஆர்லோ மணல்மேட்டில் ஒரு பாத்தி போட்டார். டிராக்டர் கிடையாது, தம்பியிடம் கேட்க மனசும் கிடையாது. பெரணிச் செடியை அரிவாளால் அறுத்து, சுண்ணாம்பு மூட்டைகளைத் தோளில் சுமந்து கொட்டிக் கிளறினார். வசந்தத்தில் போட்ட குளோவர் என்ற தீவனச் செடி மஞ்சளடித்துச் செத்தது. வேலிக்கு அந்தப் பக்கம் டிராக்டரை நிறுத்தி ரஸல் எட்டிப் பார்த்தான்.

"என்னண்ணே, மானுக்குப் பல்லு குத்தக் குச்சி நட்டிருக்கியா?"

கோடை முடிவில், எந்த மண்ணிலும் முளைக்கும் என்று பேரெடுத்த ரை தானியத்தை வாளியில் எடுத்துக் கையால் வீசினார். மழை வருவதற்குள் விதையை மூடவேண்டுமே. பழைய கட்டிலின் சுருள்கம்பிச் சட்டத்தைக் கயிற்றில் கட்டி, மாடு மாதிரி தானே இழுத்தார். அவர் மனைவி டோரின் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்தக் கட்டில்ல படுத்த காலத்துலகூட நீங்க இவ்வளவு வேர்த்ததில்ல."

ரை முளைத்தது. மெலிந்த பயிர்தான், ஆனாலும் பச்சை. ஆர்லோவுக்கு அது கண்ணில் நிற்கவில்லை. கண்ணெல்லாம் வேலிக்கு அப்பால். தன் பாத்தியில் கட்டிய கேமராவைத் திறந்து பார்ப்பதைக்கூட விட்டுவிட்டார். எப்படியும் மான் சோயாவுக்குத்தான் போகும், வேலி மூலையில் தன் நிலத்தைக் கடக்கும்போது மடக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டு, அந்த மூலையில் பரண் கட்டினார்.

"பரண் நம்ம பயிருக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்குதே?" என்றாள் டோரின்.

"மான் எங்க போகும்னு எனக்குத் தெரியும்டி."

வேட்டை திறந்த அன்று காலை, மெல்லிய பனி விழுந்திருந்தது. துப்பாக்கியோடு பரணில் உட்கார்ந்து ஆர்லோ தம்பியின் வயலையே பார்த்தார். எதிரே ரஸலின் பரணில் அவனுடைய ஆரஞ்சுத் தொப்பி தெரிந்தது. அவன் பைனாகுலரை இந்தப் பக்கமாகவே பிடித்திருந்தான். வேவு பார்க்கிறான், நாய். கொஞ்ச நேரத்தில் கையை நீட்டி ஆட்டினான். மறுபடி மறுபடி ஆட்டினான். கேலி. ஆர்லோ பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார். அவனுக்காகத் தலையைத் திருப்பினால் என் பேர் ஆர்லோ இல்லை.

வெயில் ஏறிய பிறகு ரஸல் வேலியோரம் வந்து நின்றான்.

"கையக் கையக் காட்டினேனே, திரும்பிப் பாத்தா என்னண்ணே? வளைகொம்பன் உனக்குப் பின்னாடி, உன் ரையில நின்னு வயிறு முட்ட மேஞ்சுட்டுப் போறான்."

ஆர்லோ அப்போதுதான் தலையைத் திருப்பினார். "நீ சுட்டிருக்கலாமே?"

"உன் நெலத்துல நிக்கிறத நான் எப்படிச் சுடுறது? சத்தம் போட்டா ஓடிடும்." ரஸல் பனியைக் காலால் உதைத்தான். "என் சோயா முத உறைபனியிலயே எலை கொட்டிப் போச்சு. காயெல்லாம் எப்பவோ தின்னு தீத்துட்டுதுங்க. அதுக்கப்புறம் என் வயல்ல ஒரு மான் தலை தூக்கல. எல்லாம் உங்கிட்டதான். தெனம் இங்க ஒக்காந்து உன் பச்சையப் பாத்து வயித்தெரிச்சல் பட்டது நான்."

ஆர்லோ இறங்கிப் பாத்திக்குப் போனார். ரை ஒட்டக் கடிபட்டுக் கிடந்தது. பனியில் அகலமான குளம்புத் தடம், பக்கத்தில் இன்னும் ஆவி பறக்கும் புழுக்கை. தன்னைப் பார்த்துத் தம்பிக்கு வயிறு எரிந்ததை அவன் வாயாலேயே கேட்டாயிற்று. அதில் ஒரு துளி இனிப்பு இல்லை.

வீட்டில் டோரின் காப்பி ஊற்றினாள்.

"நம்ம பயிருக்கு மான் வந்துச்சா?"

"வந்துச்சு," என்றார் ஆர்லோ. "ரஸல் பாத்தான்."