ஸ்பேர் கட்டிய பை

வேலையிடத்திலும் வீட்டிலும் அவருக்கு ஸ்பேர் என்றுதான் பெயர். லிஃப்ட் பழுது பார்ப்பது தொழில். அதில் ஒரு சங்கடம் உண்டு. லிஃப்ட் நின்றுபோனால்தான் ஆளைக் கூப்பிடுவார்கள். நின்றுபோன லிஃப்டில் ஏறி மொட்டைமாடி மோட்டார் அறைக்குப் போக முடியாது. படிதான். பதினாலு மாடி ஏறி, மூச்சு வாங்கி, பையைத் திறந்தால் ஃபியூஸ் ஒன்று குறைகிறது என்று வையுங்கள், மறுபடி இறங்கி ஏற வேண்டும். வாலிபத்தில் அப்படி ஏறி இறங்கி முட்டி கழன்ற பிறகு அவர் ஒரு முடிவுக்கு வந்தார்: எதுவானாலும் ஒன்றுக்கு இரண்டு. ஃபியூஸ் இரண்டு, ஸ்க்ரூடிரைவர் இரண்டு, மூக்குக்கண்ணாடி இரண்டு. குழந்தை மட்டும் ஒன்றோடு நின்றுவிட்டது. அந்த விஷயத்தில் தன் பேச்சு எடுபடவில்லை என்பார்.

அந்த ஒரே மகள் சரியான மறதிக்காரி. குடையைப் பேருந்தில் விட்டுவிட்டு வருவாள். அப்பாவிடம் இன்னொன்று இருக்கும். பரீட்சைக்குப் பேனா இல்லாமல் போவாள். பள்ளிக்கூட வாசலில் அப்பா பேனாவோடு நிற்பார். இவள் மறக்க, அவர் நீட்ட, யாருக்கும் குறை தெரியாமல் காலம் ஓடிவிட்டது. இப்போது அவளுக்குக் கடல் தாண்டி வேலை கிடைத்து, அடுத்த மாதம் கிளம்புகிறாள்.

அதற்குள் அவள் தாய்மாமனோடு காட்டு ஏரிகளில் துடுப்புப் படகில் போய்வர ஆசைப்பட்டாள். "அப்பாவும் வரணும்" என்றாள். ஸ்பேர் அதுவரை படகில் கால் வைத்தவர் இல்லை. ஆனால் மகளோடு இனி எப்போது இப்படி நாலு நாள் கிடைக்கும்? உடனே சரி என்றுவிட்டார்.

மச்சினன் வருஷா வருஷம் போகிறவன், கறாரான ஆள். ஓர் ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் நடுவே காட்டுப் பாதை. அங்கே படகைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடக்க வேண்டும். ஆகையால் தன் பையைத் தானே தூக்கி முதுகில் மாட்ட முடியாதவருக்குப் படகில் இடமில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் கூடத்தில் சோதனை என்று சொல்லிவிட்டான்.

ஸ்பேர் வாரக்கணக்கில் பை கட்டினார். நனைந்தால் பருத்தி காயாது என்று கேள்விப்பட்டு எல்லாம் கம்பளியாக வாங்கினார். ஒவ்வொன்றையும் தண்ணீர் புகாத உறையில் போட்டு, வாயைச் சுருட்டிக் கட்டினார். மழைக்கோட்டு, காலுறை, தொப்பி, டார்ச், எல்லாம் இரண்டிரண்டு. உடுப்பில் இரண்டாவது எல்லாம் மகளின் அளவு. அவள் எதையாவது மறப்பாள் என்பதில் அவருக்குக் கடுகளவும் சந்தேகம் இல்லை.

சோதனை நாளில் பை அவர் முழங்கால் வரை வந்தது. அதற்கு மேல் வர மறுத்தது. இன்னொரு முறை முயன்றார். முழங்கால்தான்.

"பீரோவுல இருந்ததையெல்லாம் உள்ள வச்சிட்டு, பீரோவ மட்டும் ஏன் விட்டுட்டீங்க?" என்றாள் மனைவி.

மச்சினன் பையைத் திறந்தான். "இந்தக் கோட்டு யாருக்கு மாமா? உங்களுக்கு ஒரு கைகூட நுழையாதே."

"பாப்பாவுக்கு."

"அவதான் தனியா பை கட்டிட்டாளே."

"கட்டியிருப்பா. அதுல என்ன இல்லைன்னு ஏரிக்கு நடுவுல போனாத்தான் தெரியும்."

"இதெல்லாம் வந்தா நீங்க வர முடியாது. ஒண்ணு இது, இல்ல நீங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

ஸ்பேர் யோசித்தார். ரொம்ப நேரம் ஆகவில்லை.

"சரி மாப்ள, நான் வரல. பைய மட்டும் கூட்டிட்டுப் போங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவர் வேடிக்கைக்குச் சொல்கிற ஆள் இல்லை.

"அத யாரு தூக்குறது?"

"நீங்கதான். உங்களுக்குப் பழக்கம்தானே."

மகள் வந்து பைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தன் அளவுக் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்பா, நான் கோட்ட மறந்துட்டேன்னே வைங்க. என்ன ஆகும்?"

"நனைவ. காய்ச்சல் வரும்."

"நனையுறேன். நான் போற ஊர்லயும் மழை பெய்யும்ப்பா. அங்க மறந்தா எடுத்துக்கிட்டு ஓடி வர யாரு இருக்கா? நீங்க பக்கத்துல இருக்கும்போதே ஒரு தடவ நனைஞ்சு பழகிக்கிறேன். எனக்குக் கோட்டு வேணாம், நீங்க வாங்க."

ஸ்பேர் தானே குனிந்து அவளுடைய கம்பளிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். காலுறையை எடுத்தவர் மறுபடி உள்ளே வைத்தார். மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். எடுத்துவிட்டார்.

இந்த முறை பை ஒரே மூச்சில் முதுகில் ஏறியது. "பாஸ் மாமா!" என்று மச்சினன் கை தட்டினான். மனைவியும் தட்டினாள்.

அவருக்கு அழுகை வந்தது. பையைக் கழற்றாமல் நின்றபடியே அழுதார். மழை வந்தால் மகள் நனைவாள்; தான் கோட்டுப் போட்டுக்கொண்டு அதே படகில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்குத்தான் அவர் இப்போது தேறியிருந்தார்.